ஆறு வீட்டு வளவும் அமலோற்பவமும்

குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், முதலில் நாற்பது குறைதான் ஞாபகத்துக்கு வருகிறது. வாடகைக்கு இருப்பவனின் பிறவிக் குணம் அது. மழைக்கு ஓடு ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால், "எங்கன ஒழுகுது தம்பி? அந்த எடத்துல ஒரு கொடத்த வையிங்க. கெணத்துல எறைக்கிற வேல மிச்சம்லா" என்று பதில் சொன்ன பெண்மணியைப் பற்றி வேறு எப்படித்தான் ஆரம்பிப்பது?

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. கையில் பாதிப் பணம்கூட இல்லாமல் ஒரே நாளில் ஆறு வீட்டுக்குச் சொந்தக்காரியாகி, அதைக் கைநழுவ விடாமல் காப்பாற்றியவள் எனக்குத் தெரிந்து தூத்துக்குடியில் அவள் ஒருத்திதான். பெயர் அமலோற்பவம். நான் கிருபாநிதி, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தோணியில் ஏறும் மூட்டைகளை எண்ணுகிற குமாஸ்தா. அந்த வீடுகளை அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

அமலோற்பவம் கடற்கரையில் பிறந்தவள். புருஷன் அம்புரோஸ் கொழும்புத் தோணியில் போனவன். அங்கேயே காய்ச்சல் கண்டு, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். சாக்கு தைக்கிற கோணி ஊசி எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும். அவளோடு பேரம் பேசுகிறவர்கள் பாதிப் பேச்சில் அந்த ஊசியைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொள்வதை நானே கண்டிருக்கிறேன்.

புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறினாள். ஒருவன் மகளுக்குக் கல்யாணம் என்பான், இன்னொருவன் தனிப் பொம்பளைக்கு வீடு தருவதில்லை என்பான். ஒவ்வொரு தடவையும் பெட்டி படுக்கையை வண்டியில் ஏற்றிவிட்டு, மாதா சுரூபத்தை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடப்பாள். "அமலோற்பவம் சப்பரம் கெளம்பிட்டு" என்று தெருவில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் என் மனைவி ஜீவமணியிடம் ஒரு நாள் சொன்னாளாம்: "மாதாவ ஒம்பது தடவ தூக்கிட்டு அலஞ்சிட்டேன் ஜீவமணி. சாவுறதுக்குள்ள ஒரு எடத்துல எறக்கி வச்சுட்டாப் போதும்." அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லையாம்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொழும்பில் போட்டவனுக்குத் தூத்துக்குடி எத்தனை தூரம்? மறுநாளே ஊர் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டது. எட்டணா வண்டிக்கூலி ஐந்து ரூபாய் ஆயிற்று. சொந்தக்காரர்களே இல்லாத கிராமங்களில்கூட ஜனங்கள் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தார்கள்.

ஓடியவர்களில் உப்பு வியாபாரி சங்கரபாண்டியன் அண்ணாச்சியும் ஒருவர். அவருக்குக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வளவு இருந்தது. நடுவில் முற்றம், ஒரு கிணறு, இரண்டு பக்கமும் மும்மூன்றாக ஆறு சின்ன வீடுகள். இரண்டாயிரம் பெறுமான சொத்து. குடியிருந்தவர்கள் ஓடிப்போய் ஆறு கதவிலும் பூட்டுத் தொங்கியது. "குண்டு விழுந்தா வாடகைய சப்பான்காரனா குடுப்பான்? ஆயிரம் வந்தாத் தள்ளிருவேன்" என்று அவர் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தது, சாக்கு தைத்துக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் காதில் விழுந்தது.

நேரே அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, பத்து நாள் தவண குடுங்க. ஆயிரத்தோட வாரேன்."

அண்ணாச்சி சிரித்தார். "ஊரே ஓடுது, நீ வீடு வாங்குதியா? குண்டு விழுந்தா என்னளா செய்வ?"

"கப்பலத் தேடி வாரவன் சாக்கு தைக்கிறவ தலைய எதுக்குத் தேடப் போறான்? ஓடுத சனம் ஒரு நாள் திரும்பத்தான செய்யும் அண்ணாச்சி. அன்னைக்கு எங்கன படுக்கும்?"

அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. புரிந்திருந்தால் விற்றிருக்க மாட்டார்.

சீட்டுத் தள்ளி எடுத்தது இருநூற்றைம்பது. தாலிச் சங்கிலி போக மீதி நகையை விற்றதில் நூற்றைம்பது. ஆக நானூறு. பாங்கிப் பக்கம் அவள் போகவே இல்லை. அங்கே கடன் கேட்க முதலில் சொத்து இருக்க வேண்டும். சொத்து வாங்குவதற்குத்தானே கடனே வேண்டியிருக்கிறது! அந்த வட்டத்துக்குள் தலையைக் கொடுக்காமல், ஊரில் ஓடாமல் மிச்சமிருந்தவர்களைத் தேடி வந்தாள்.

மிச்சமிருந்தவர்கள் வீரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஆபீசில் லீவு தரவில்லை. ஆசிரியர் தேவபிரசாதத்துக்குப் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. மாட்டுவண்டி வைத்திருந்த சிவனாண்டி, ஓடுகிறவர்களை ஏற்றிப்போய்ச் சம்பாதிப்பதிலேயே மும்முரமாக இருந்ததால் தான் ஓட மறந்துவிட்டான். எங்கள் மூவரிடமும் அவள் ஒரே பேச்சைத்தான் பேசினாள்: "ஒத்தியா எரநூறு குடுங்க. மூணு வருசம் வாடகையே கெடையாது. அதுக்குப் பெறகு எப்பக் கேட்டாலும் எரநூற எண்ணி வச்சிருதேன்."

ஒத்தி எங்கள் பக்கத்தில் பழைய ஏற்பாடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கலாம். பணம் திரும்பக் கைக்கு வரும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கையில் பணம், அந்தக் கையில் சாவி. ஜீவமணியின் வளையல்களை அடகு வைத்து முதல் ஆளாக நான் இருநூறு கொடுத்தேன். மற்ற இருவரும் கொடுத்தார்கள். பத்தாம் நாள் பத்திரம் பதிவாகி, பதினோராம் நாள் நாங்கள் குடிபோனோம். அன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே ஜீவமணி சொன்னாள்: "நம்மகிட்டயே பணத்த வாங்கி, அதுல வீட்ட வாங்கி, நம்மளயே குடி வச்சிருக்கா. கெட்டிக்காரிதான்." எனக்கு அதுவரை அந்தக் கோணத்தில் விளங்கவே இல்லை.

ஊரில் குண்டு விழவில்லை. ஒரு தேங்காய்கூட விழவில்லை.

கெட்டிக்காரிக்கும் முதல் மாதம் ஒரு சறுக்கல் இருந்தது. ஒன்றாம் தேதி காலையில் தலைவாரி, வெள்ளைச் சேலை உடுத்தி, சொந்தக்காரியின் கம்பீரத்தோடு வாடகை வாங்கக் கிளம்பினாள். என் வாசலில் வந்து நின்றாள். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "அடடே, ஒங்களுக்கு வாடக கெடையாதுல்லா" என்று அடுத்த வாசலுக்குப் போனாள். அங்கே சிவனாண்டி. அதற்கடுத்து தேவபிரசாதம். முற்றத்தின் நடுவில் வந்து நின்று விரல் விட்டு எண்ணினாள். ஆறு வீட்டில் மூன்று ஒத்தி. ஒன்றில் அவளும் மாதாவும். மீதி இரண்டுக்கும் ஆளே வரவில்லை. அந்த மாதம் முழுக்க வளவுச் சொந்தக்காரி சாக்கு தைத்துத்தான் சாப்பிட்டாள்.

அதன்பிறகு அவள் கற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே! காலி வீடு ஒன்றை மில் தொழிலாளிக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு விட்டாள். இன்னொன்றைச் சங்கு குளிக்கிற ஒருவருக்கு. தண்ணீர் தெளிந்திருக்கிற ஆறு மாதம்தான் சங்குக்காரர் கையில் காசு புரளும், கடல் கலங்கிவிட்டால் கடன்தான். அவரிடம் பன்னிரண்டு மாத வாடகையையும் அந்த ஆறு மாதத்துக்குள் வாங்கிக்கொண்டு, மற்ற ஆறு மாதம் அவர் வாசல் பக்கமே திரும்ப மாட்டாள். "இல்லாதவன்கிட்ட போயி நின்னா அவனுக்கும் கூச்சம், நமக்கும் கால்வலி" என்பாள்.

புதிதாக வீடு கேட்டு வருகிறவர்களிடம் சம்பளம் கேட்க மாட்டாள், சாதி கேட்க மாட்டாள். "ஒங்க வீட்டு வாரியலக் கொண்டாங்க, பாப்போம்" என்பாள். வாரியல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் தினமும் பெருக்குகிற வீடு. புத்தம் புதிதாக இருந்தால் வெளியே. தேய்ந்த வாரியலை அடுத்த வீட்டில் இரவல் வாங்கி வந்தவர்களைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். எப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

அவளுக்கு எழுத்து வராது. வரவு செலவை மாதம் ஒரு தடவை நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஆகவே மூன்று வருஷம் கழித்து அவளிடம் எவ்வளவு சேர்ந்திருந்தது என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நூற்றறுபது ரூபாய்.

நாற்பத்தைந்தில் சண்டை முடிகிற வேளைக்கு, அவள் சொன்னபடியே ஓடினவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். அவர்களோடு மில்லுக்கும் ரேஷன் ஆபீசுக்கும் வேலைக்கு வந்தவர்கள் வேறு. படுக்க இடமில்லை. வளவின் மதிப்பு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகிவிட்டது. சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்கு அந்தப் பழைய கேள்வி இப்போதுதான் புரிந்தது. வயிறு எரிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் எங்கள் மூன்று பேரையும் வெற்றிலைக்கடைக்கு வரச் சொன்னார். "வே கிருபாநிதி, அவகிட்ட கையில எவ்வளவு இருக்கும்?" என்றார்.

நான் சொன்னேன். ஆமாம், சொன்னேன். நூற்றறுபது என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

"அப்பச் சரி. மூணு பேரும் ஒண்ணாப் போயி ஒரே நாள்ல ஒத்திப் பணத்தக் கேளுங்கவே. ஒருத்தன் கேட்டா எப்படியும் சமாளிச்சுருவா. அறுநூறுக்கு எங்கன போவா? ஏங்கிட்டதான் வரணும். பழைய வெலைக்கே வளவ எழுதி வாங்கிருவேன். நீங்க யாரும் வீட்ட விட்டு எறங்க வேண்டாம். ஒத்திய நூத்தம்பதாக் கொறச்சு ஒங்களயே வச்சுக்கிடுதேன். ஆளுக்கு அம்பது ரூவா கையில மிச்சம்."

ஐம்பது ரூபாய் என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். எனக்கு அப்போது வெட்கமே வரவில்லை. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஒத்திப் பேச்சும் முடிக்க மாட்டார்கள். எங்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் ஆடி எங்களை விடவில்லை. ஆகவே ஆவணி முதல் தேதி என்று கெடு வைத்தோம். போய்ச் சொன்னபோது அமலோற்பவம் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி பாதியில் நின்றது.

"மூணு பேருமா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.

மாதா இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சரி தம்பி. ஒண்ணாந் தேதி காலையில வாங்க." அவ்வளவுதான். அன்று அவள் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று ஜீவமணி சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

ஆவணி ஒன்று. எதிர்த்த வெற்றிலைக்கடையில் அண்ணாச்சி முத்திரைத்தாளோடு உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் ஒரு மணையும், மணைக்கு முன்னால் பித்தளைத் தட்டும். தட்டில் வெற்றிலைபாக்கு, அதன்மேல் மஞ்சள் துணியில் கட்டிய மூன்று முடிச்சு. மூன்றும் ஒரே அளவு, ஒரே கொழுகொழுப்பு. நூற்றறுபது எப்படி அறுநூறு ஆயிற்று?

"மொதல்ல பணம் தந்தது நீங்கதான தம்பி. மொதல்ல ஒங்களுக்கே" என்று ஒரு முடிச்சை எடுத்து என் கையில் வைத்தாள். அவிழ்த்தேன். எல்லாம் நோட்டு. எண்ணினேன். இருநூறு, ஒரு ரூபாய் குறையவில்லை. நிமிர்ந்தால் அவள் இடது கை என் முன்னால் நீண்டிருந்தது.

"சாவி."

நான் "அதுக்கென்னக்கா அவசரம், பைய..." என்று இழுப்பதற்குள், ஜீவமணி பின்னாலிருந்து வந்தாள். இடுப்பிலிருந்த சாவியை உருவித் தட்டில் ணங்கென்று வைத்தாள். "பணம் வாங்கியாச்சுல்லா. பெறகென்ன? நடங்க" என்றாள். பெட்டி, படுக்கை, அண்டா குண்டா எல்லாம் கால் மணி நேரத்தில் தெருவுக்கு வந்துவிட்டன. எல்லாம் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது என்பது எனக்கு அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை. அமலோற்பவம் என் கதவைப் பூட்டிவிட்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். இரண்டாவது முடிச்சைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினாள்.

"அடுத்தது யாரு?"

சிவனாண்டி தெருவில் கிடந்த என் பெட்டியைப் பார்த்தான். தொழுவத்தில் கன்று போடும் நிலையில் நின்ற தன் பசுவைப் பார்த்தான். "நா ஒண்ணும் கேக்க வரல. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று நழுவினான். ஐந்து பிள்ளைகளும் ஒரு ஆர்மோனியமும் உடைய தேவபிரசாதம், "பிரேயர் மணி அடிச்சிருப்பாங்க" என்று ஓடியே போனார். அண்ணாச்சியிடம் போய், "சொன்னபடி ஒரு வீடு தாங்க" என்றேன். "வளவு கைக்கு வந்தாத்தானவே வீடு? தெருவுல நிக்கவனுக்கு நா என்ன சத்திரமா வச்சிருக்கேன்?" என்று முத்திரைத்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க வீடு தேடி அலைந்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில்: "ஆடி முடியக் காத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்கு விடியுமுன்னயே வந்து அச்சாரம் குடுத்துட்டாங்க." வீடு மாற நினைத்த அத்தனை பேரும் அந்த ஒரே நாளுக்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தார்கள், என்னைத் தவிர. மாப்பிள்ளையூரணி வரை நடந்தேன். அங்கே ஒருவர் மாட்டுத் தொழுவத்தைக் காட்டி எட்டு ரூபாய் என்றார். மாடு கூடவே இருக்குமாம்.

பொழுது சாய்கிற நேரம் திரும்பினேன். தெருவோரப் பூவரச மரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஜீவமணி, ஊருக்கே கேட்கும்படி என்னை வரவேற்றாள். "பவுசாப் பணம் கேட்டீகளே! அந்த முடிச்சுக்குள்ள போயிப் படுப்போமா? அதுக்குள்ள அடுப்பு வைக்கலாமா?" ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். நடுவில் அமலோற்பவம் வந்து அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குக் கொடுக்கவில்லை.

நான் வளவுக்குள் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். "அக்கா, அதே வீடு..."

"ஒத்தின்னா இப்ப முன்னூத்தம்பது தம்பி. வாடகைன்னா மாசம் ஆறு ரூவா. மூணு மாசம் முன்பணம்."

பதினெட்டு ரூபாயை எண்ணி வைத்தேன். சாவிக்குக் கை நீட்டினேன். அவள் சாவியைக் கொடுக்காமல் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஜீவமணி, ஒன் வாரியலக் கொண்டா, பாப்போம்."

மூன்று வருஷமாக அதே முற்றத்தைப் பெருக்கிய வாரியல்! அதையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

மீதிப் பணத்தில் வளையல்களை மீட்டுவிட்டோம். அதற்குப்பின் சிவனாண்டிக்கும் தேவபிரசாதத்துக்கும் வருஷத்துக்கு ஒருவராக, அவள் சௌகரியப்படி ஒத்தியைத் தீர்த்து வாடகைக்கு மாற்றினாள். அண்ணாச்சி அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார். நாற்பத்தொன்பதில் அமலோற்பவம் ஊருக்குள்ளேயே மேலூர்ப் பக்கம் நாலு வீட்டு வளவு ஒன்றை வாங்கினாள். கோயில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். மாதா சுரூபம் மட்டும் பழைய வளவை விட்டுப் போகவில்லை. "அவ அங்கனயே இருக்கட்டும். எறக்குனது எறக்குனதுதான்" என்றாள். அதைச் சொல்கையில் அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்று விருந்து முடிந்து கிளம்பும்போது, ஜீவமணியின் கையில் அவள் ஒரு சின்ன மஞ்சள் முடிச்சை வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவிழ்க்கச் சொன்னேன். நாற்பது ரூபாய் இருந்தது.

"இது ஏது?"

"எஞ் சிறுவாட்டுப் பணம். நாலு வருசத்துக்கு முன்னால அக்காவுக்குக் குடுத்தது. ஆவணி ஒண்ணுக்கு மொத நாளு."

எனக்குக் கணக்கு நன்றாக வரும். நூற்றறுபதும் நாற்பதும் இருநூறு. "அப்ப அந்த மத்த ரெண்டு முடிச்சு?"

"கிழிஞ்ச சாக்கு. நாந்தான் கட்டுனேன். ஒரே அளவா வரணும்னு மூணு தடவ அவுத்துக் கட்டுனேன்."

"பெட்டி கட்டுனது?"

"அதுவும் மொத நாளே."

"தெருவுல என்னயப் பேசுனது?"

"அது மட்டும் கட்டி வைக்கல. தானா வந்துது" என்றாள். பிறகு, "சும்மா குடுக்கலங்க. மாசம் எட்டணா வட்டி. நீங்க குடுத்த ஆறு ரூவாயிலதான் அந்த எட்டணா எனக்கு வந்துக்கிட்டு இருந்துது" என்றாள்.

நான்கு வருஷமாக அந்த ஆறு ரூபாயை நினைத்து வயிறெரிந்தவன் நான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டுன புருசன நடுத்தெருவுல நிறுத்த நீயே பணம் குடுத்தியா?" என்று கத்தினேன்.

ஜீவமணி நாற்பது ரூபாயையும் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்பது ரூவாக்கு ஒரு பொம்பளயக் காலம் பூரா தெருவுல நிறுத்தப் பாத்தீக. நா ஒங்கள அரை நாளுதான் நிறுத்துனேன்."



மறுமாதம் ஒன்றாம் தேதி, அவள் என் வாசலுக்கு வருமுன் நானே ஆறு ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமலோற்பவம் வழக்கம்போல் இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொண்டாள்.